நூறு சதவீதம் பருத்தி

ராயபுரத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்த அரசு அலுவலகத்தில் பதுருன்னிசாவின் இடம் கடைசியில், ஸ்டோர் ரூமில். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் தூசி. மூடினால் பழைய கோப்புகளின் வாடை. மூன்று வருஷமாக மதியச் சாப்பாடும் அங்கேதான், தனியாக.

முன்பெல்லாம் எல்லாரோடும்தான் சாப்பிட்டாள். துறைக்கு வாங்கும் பொருள் எதுவும் மண்ணையும் கடலையும் கெடுக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மற்றவர்கள் படித்துக் கையெழுத்திட்டு மறந்துவிட்டார்கள். கொள்முதல் அவள் பொறுப்பு. அவளால் மறக்க முடியவில்லை. கூட்டங்களுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்குவது நின்றது. பிளாஸ்டிக் பூசிய தட்டு நின்றது. பிரிவு அதிகாரி செல்வநாதனின் பதவி உயர்வுக்கு வைக்கவிருந்த ஃப்ளெக்ஸ் பேனரும் நின்றது.

"பிளாஸ்டிக் அக்கா வந்துகினு கீது, டிபன் பாக்ஸ மூடு மாமு!" என்று சாப்பாட்டு மேஜையில் யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் சாப்பாட்டுப் பையை ஸ்டோருக்கே எடுத்துக்கொண்டு போனாள். யாரும் கூப்பிட வரவில்லை.

கணவர் கொரோனாவில் போய்விட்டார். மகள் நவ்ரீன் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவாள். அதைவிட்டால், சாப்பிட்டாயா என்று பதுருன்னிசாவைக் கேட்கும் ஆள் ஒருவன்தான். துறைக்குத் துணிப்பை சப்ளை செய்யும் வியாசர்பாடி மனோகரன்.

"இன்னாக்கா, துன்ட்டியா?" என்றபடி வருவான். பதிலுக்குக் காத்திராமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவான். ஒரு காலத்தில் கோல்கீப்பர். வளைந்த சுண்டுவிரலை நீட்டி, "இத்த ஒட்ச்சவன் தான்க்கா இன்னிக்கு எனக்கு சம்பந்தி" என்பான். நூறு தடவை கேட்ட கதை. நூறு தடவையும் அதே இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வரும்.

இந்த முறை நாலாயிரம் பை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை மீன் விற்கும் பெண்களுக்குக் கொடுக்க. நூறு சதவீதம் பருத்தி என்று நிபந்தனையில் எழுதியவள் அவள்தான். அவன் முதலில் காட்டிய மாதிரிப் பை அரக்கு முத்திரையோடு பீரோவில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மூட்டைகள் இறங்கின. எல்லாரும் வீட்டுக்குப் போனபின் ஒரு பையிலிருந்து நூலை உருவி, அரக்கு உருக்கும் மெழுகுவத்தியில் காட்டினாள். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் உதிர வேண்டும். இந்த நூலோ சுருங்கியது, கரும்புகை விட்டது, நுனியில் கடுகு மாதிரி கெட்டியாக உருண்டு நின்றது. இன்னொரு மூட்டையைப் பிரித்தாள். அங்கேயும் கடுகு.

ஏற்புச் சான்றிதழில் மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு விழுந்தாயிற்று; மூன்றாவது அவளுடையது. புதன் முழுக்க அந்தக் காகிதத்தைக் கோப்புக்கு அடியில் வைத்திருந்தாள். வியாழன் காலை செல்வநாதன் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். மேஜையில் கருகிய நூலைப் பார்த்தார்.

"மேடம், நீங்க ஒரு பையைக் கொளுத்தாம விட்டா கடல் வத்திடுமா?"

அவர் போனார். மதியம் மனோகரன் வந்தான்.

"இன்னாக்கா, துன்ட்டியா?"

"இன்னும் இல்ல. உட்காரு."

ஒரு பையிலிருந்து நூலை உருவி, அவன் கண்ணெதிரில் எரித்தாள். உருண்டு நின்ற நுனியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"பாலியஸ்டர் மிக்ஸிங் தான்க்கா. மில்லுக்காரன் மாத்திட்டான், எனக்குத் தெரியாதுன்னு முன்னாடி ஆபீஸ்ல சொல்லிட்டு வந்தேன். உங்கைல அப்டி பொய் சொல்ல வாய் வரல."

"அப்ப எடுத்துட்டுப் போ மனோகர்."

"நம்ம பழக்கத்துக்கு..."

"பழக்கம் இருக்கறதாலதான் ரெண்டு நாளா இந்தக் காகிதத்த அடியில வெச்சிருந்தேன்."

அவன் எழுந்து, ஸ்டூலைச் சுவரோரம் தள்ளி வைத்தான். இத்தனை வருஷத்தில் அப்படித் தள்ளி வைத்ததே இல்லை.

நிராகரிப்புக் கடிதத்தை அன்றே எழுதினாள். பொருள், பார்வை, காரணம், மாற்றித் தர முப்பது நாள் அவகாசம். ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும் போலிருந்தது. அதற்கு அரசுக் கடிதத்தில் இடம் ஏது?

நடுவில் ஒருநாள் முன் அறையில் அவன் குரல் கேட்டது. சுண்டுவிரல் கதை. எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் காத்திருந்தாள். காலடி பின்பக்கம் வரவில்லை.

இருபத்தெட்டாம் நாள் டெம்போ வந்தது. டிரைவர் ஃப்ரெடி, நரைத்த தலை, மூட்டைகளை இறக்கிவிட்டு ரசீதை நீட்டினார். பத்து மூட்டையிலிருந்து பத்து நூல் உருவினாள். பத்தும் சாம்பலாய் உதிர்ந்தன. அறையெல்லாம் காகிதம் எரிந்த வாசனை. சான்றிதழில் முதல் கையெழுத்தாகத் தன்னுடையதைப் போட்டாள்.

"ஓனர் வரலியா?"

"வண்டிலதான் கீறாரும்மா. நீயே குட்த்துட்டு வான்ட்டாரு."

மணி இரண்டரை. ஜன்னல் வழியே டெம்போவின் பின்பக்கம்தான் தெரிந்தது.

"சாப்டாராமா?"

"யாரு, ஓனரா? தெர்லியேம்மா." ஃப்ரெடி ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கேட்டுச் சொல்லவா?"

"வேணாம்" என்றாள் பதுருன்னிசா. அவர் படியிறங்கும்போது, "கேளுங்க" என்றாள். அதற்குள் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டெம்போ கிளம்பும் சத்தம் கேட்டது.

ஸ்டூல் சுவரோரத்திலேயே இருந்தது. அவள் அதை இழுத்து மேஜைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, டப்பாவைத் திறந்தாள்.