பின்னால் நிற்பவன்

அஃப்ரோஸுக்கு அல்லாஹ் கொடுத்த மூளை லேசுப்பட்டதல்ல. மத்ரஸாவில் ஒரு பக்கத்தை இரண்டு தடவை பார்ப்பான். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு ஓதுவான். குர்ஆன் முழுவதும் மனப்பாடமாகி ஹாபிழ் பட்டம் வாங்கியபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அதே பக்கத்தோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டிய ஷாஜித்துக்கு ‘அம்மி’ என்று பெயர் வைத்தவனும் அவன்தான். அடிமேல் அடி அடித்தால்தானே நகரும்!

பிறகு இருவரும் சங்கரன்கோவிலிலேயே வேலைக்குப் போனார்கள். ஷாஜித் தறி ஓட்டினான். அந்தக் கடகடச் சத்தத்துக்குள்ளும் அவன் உதடு அசைந்துகொண்டே இருக்கும். மறந்துவிடக் கூடாதென்று தினமும் ஒரு பகுதியை ஓதிப் பார்ப்பான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில் இருந்த அஃப்ரோஸோ, “நெஞ்சுக்குள்ள இருக்கது எங்கன ஓடிரப் போவுது?” என்பான். அட, கட்டிப்போடாத ஆடு வீட்டிலேயா நிற்கும்?

இந்த ரமலானில் தராவீஹ் தொழுகை நடத்தும் பொறுப்பு அஃப்ரோஸுக்கு வந்தது. மாதம் முழுக்க இரவுத் தொழுகையில் குர்ஆனைப் பார்க்காமல் ஓதி முடிக்க வேண்டும். தடுமாறினால் எடுத்துக் கொடுக்க இன்னொரு ஹாபிழ் பின்னால் நிற்பார். அந்த இடம் ஷாஜித்துக்கு. மகன் முன்னால் நின்று ஓத, தான் பின்னால் நின்று தொழ வேண்டும் என்ற ஒரே ஆசையில் அஃப்ரோஸின் வாப்பா தாவூது சவுதியின் தம்மாமிலிருந்து லீவு போட்டு வந்துவிட்டார். “எம் மவன்தான் தொழ வைக்கான்” என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். அஃப்ரோஸ் அப்போதாவது ஓதிப் பார்த்திருக்கலாம். குர்ஆனைத் திறந்தான்தான், முதல் சில பக்கங்கள் தண்ணீராய் ஓடின, மூடிவிட்டான்.

முதல் வாரம் தாங்கியது. அடுத்த வாரம் ஓர் இரவு, ஒரே மாதிரி வரும் இரண்டு வசனங்களில் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சறுக்கினான். ஷாஜித் மெல்ல எடுத்துக் கொடுத்தான். இரண்டு வரி தாண்டி மறுபடி நின்றான். மறுபடி ஷாஜித். கடைசியில் எடுத்துக் கொடுத்ததைக்கூடப் பிடிக்கத் தெரியாமல் நின்றான். ஓதியவரை போதுமென்று குனிந்துவிட்டான். அவனுக்கு வெட்கம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல எல்லாம் மரத்துக் கிடந்தது.

“ஆனைக்கும் அடி சறுக்கும் வே” என்று வாசலில் யாரோ தேற்றினார். சரிதான், நடக்கிற ஆனைக்குச் சறுக்கும். இது படுத்தே கிடந்த ஆனை.

வாப்பா திட்டவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, “சஹர் சோத்துக்குத் தயிர் வாங்கணும்னு சொன்னா ஒங்க உம்மா” என்றார். வீடு வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் மாலை ஷாஜித் கடைக்கே வந்துவிட்டான்.

“ஏலே, இன்னைக்கும் நீயே தொழ வை. பின்னால நான் நிக்கேன்லா?”

“எல்லாத்தையும் நீதான ஓதுத. நீ முன்னால போ. நான் பின்னால நிக்கேன்” என்றான் அஃப்ரோஸ். சிம் கார்டு விற்கும் அதே குரலில் சொன்னான்.

அன்று ஷாஜித் ஓதினான். குரலில் பெரிய இனிமை இல்லை. ஆனால் தடங்கலில்லாமல் போனது. எடுத்துக் கொடுப்பவன் இடத்தில் அஃப்ரோஸ் நின்றான். பக்கத்தில் வாப்பா, தோளோடு தோள் ஒட்டி. மகன் ஓதாவிட்டால் என்ன, தப்பு வந்தால் திருத்துகிற ஹாபிழ் அவன்தானே என்கிற ஆறுதல் அவருக்கு.

நடுவில் ஷாஜித் ஒரே ஒரு தடவை நின்றான். வாப்பாவின் தோள் விறைத்தது. மகனின் குரலுக்காகக் காத்திருந்தார். அஃப்ரோஸ் வாயைத் திறந்தான். அடுத்த சொல் வரவில்லை.

ஷாஜித் தானே எதையோ பிடித்து மேலே ஓதிப் போனான். அது சரியா தப்பா என்றுகூட அஃப்ரோஸுக்குத் தெரியவில்லை. ஒட்டியிருந்த தோள் விலகிக்கொண்டது.