ஈரத் துணியால் துடைத்தால் போதும்

“கதவ ஒடைச்சாவது எடுடி!” என்றாள் ஆதிலட்சுமி.

வாஷிங் மெஷின் நின்று ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் அரைவாசிக்கு நுரைத் தண்ணீர். அதற்குள் எட்டு மாதக் குழந்தையின் சட்டைகளும் குல்லாயும், மறுநாள் காதுகுத்துக்காகத் தாய்மாமன் எடுத்துத் தந்த புது ஜிப்பாவும் மூழ்கிக் கிடந்தன. புதுத் துணியை ஒருமுறை அலசாமல் பிள்ளைக்குப் போடக் கூடாது என்று சொன்னதே ஆதிலட்சுமிதான். அதை இப்போது ஞாபகப்படுத்தும் துணிச்சல் மருமகள் இளவரசிக்கு இல்லை.

“தண்ணி வெளிய போனாத்தான் கதவு தொறக்கும் அத்தை. கம்பெனிக்கு போன் பண்ணிட்டேன், ஆள் வருது.”

“எல்லாத்துக்கும் ஆள் வரணும். உங்க அப்பன் பாத்து வாங்குனதாச்சே, வேற எப்படி இருக்கும்?”

மெஷின் இளவரசியின் சீர்வரிசையில் வந்தது. ஓடுகிற வரைக்கும் அது ‘எங்க வூட்டு மெஷின்’. நின்றுவிட்டால் அவள் அப்பன் வாங்கியது. கல்யாணமாகி இந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கு இது பழகிவிட்டது. பரிந்து பேசக் கணவன் புகழ்வேந்தன் பக்கத்தில் இல்லை, சிங்கப்பூரில் இருந்தான். இருந்தாலும் பேசியிருக்க மாட்டான்.

கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டி, மனை போட்டது போக மிச்சமிருக்கும் கரும்புக் கொல்லைகளில் பாதி அவள் மாமனார் ராமுவுடையது. அந்த வீட்டைக் கண்டுபிடிக்க மெக்கானிக் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தான். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் கருப்புப் பை. செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்ததில் ஆதிலட்சுமிக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

“உம் பேரு இன்னா தம்பி?”

“கலைவேந்தன்மா.”

“அய்யய்ய, எங்க பேரன் பேரும் அதான்பா!” ஆதிலட்சுமிக்கு வாயெல்லாம் பல். இடுப்பிலிருந்த குழந்தையின் கன்னத்தைத் தட்டி, “டேய், உங்க அண்ணன் வந்துருக்கான் பாருடா” என்றாள்.

கலைவேந்தன் மெஷினுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கீழே ஓரத்திலிருந்த சின்ன மூடியைத் திறந்து, தட்டு வைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தான். பத்துப் பதினைந்து தட்டுத் தண்ணீர் போனதும் ஃபில்டரைத் திருகி எடுத்தான். ஒரு ஹேர்பின், ஒரு சேஃப்டி பின், கட்டியாய் நூல் பிசிறு. அதற்கும் பின்னால் விரலை விட்டு இழுத்தான். கட்டைவிரல் அளவுக் குழந்தை சாக்ஸ் ஒன்று வந்தது.

“இதத்தான் ரெண்டு வாரமா தேடிக்கினு இருந்தேன்!” என்று இளவரசி சிரித்துவிட்டாள். மாமியார் இருக்கும்போது அவள் அப்படிச் சிரிப்பதில்லை.

கதவு திறந்தது. கலைவேந்தன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து வாளியில் போட்டான். புது ஜிப்பாவை மட்டும் சரிகை கசங்காமல் மடித்துக் கொடுத்தான். பிறகு மெஷினை ஒருமுறை காலியாக ஓட்டிக் காட்டினான். ஓடும்போதே இளவரசிக்குச் சொல்லிக்கொண்டு வந்தான்.

“குட்டித் துணிய சும்மா போடாதீங்கக்கா. வலைப் பை விக்குது, அதுல போட்டு மூடிப் போடுங்க. மாசத்துக்கு ஒரு தபா இந்த ஃபில்டர கழட்டிக் கழுவுங்க. நம்ம ஊரு போர் தண்ணி ஒரே உப்பு, மூணு மாசத்துக்கு ஒரு தபா உப்பு எடுக்குற பவுடர் போட்டு வெறுமனே ஓட்டுங்க. தொவைச்சு முடிச்சதும் ரப்பர தொடைச்சு, கதவ கொஞ்சம் தொறந்தே வைங்க, நாத்தம் வராது.”

“மேலெல்லாம் அழுக்கா இருக்குதே, கழுவலாமா?”

“ஐயோ, மேல தண்ணி மட்டும் ஊத்திடாதீங்கக்கா. பட்டன் வழியா உள்ள இருக்குற கரண்ட் போர்டுக்கு எறங்கிடும். ஈரத் துணியால தொடைச்சா போதும்.”

ஆதிலட்சுமியே டீ கொண்டுவந்தாள். வீட்டு ஆட்கள் குடிக்கும் அதே எவர்சில்வர் டம்ளர். “குடிப்பா. எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுக்குற! எங்கூட்டுப் புள்ளையாட்டம் இருக்குற. சொந்த ஊரு எது?”

ஊரைச் சொன்னான்.

“அட, பக்கந்தான். அப்பா பேரு?”

இதுவரை எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சில இடங்களில் காது கேளாதவன்போல் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருப்பான். இன்றைக்கு டீ சூடாக இருந்தது, தவழ்ந்து வந்த குழந்தை அவன் அட்டையை இழுத்துக்கொண்டிருந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

“சாமிக்கண்ணு.”

அந்த நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார் ராமு. “எந்த சாமிக்கண்ணு? கரும்பு வெட்ட வருவானே, காலனி சாமிக்கண்ணு, அவன் புள்ளையா நீ?”

“ஆமாங்க” என்றான் கலைவேந்தன்.

யாரும் திட்டவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. ஆதிலட்சுமி மெல்ல வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். ராமு, “வேலை முடிஞ்சுதுல்ல, கெளம்பு” என்றார். பாதி டீயோடு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் ஒரு நிமிஷம் நின்றான். கடைசியில் தரையில் வைத்தான். கையெழுத்து வாங்க வேண்டிய தாளை இளவரசிதான் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அவன் பைக் தெருமுனை திரும்பியதும் டம்ளர் குப்பைக்குப் போனது. பிள்ளையின் துணியெல்லாம் மறுபடி மூன்று தண்ணீரில் அலசப்பட்டது. இதெல்லாம் முடிந்த பிறகு ஆதிலட்சுமியின் கண் மெஷின்மேல் விழுந்தது.

ஆதிலட்சுமியைக் கெட்டவள் என்று ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பிரசவத்துக்குப் பிள்ளையார்குப்பம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் கார் அனுப்புகிறவள். தெருநாய்க்குச் சோறு வைக்காமல் சாப்பிட மாட்டாள். அவள் நல்ல மனசுக்கு ஓர் எல்லை இருந்தது, அவ்வளவுதான். அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிறவர்களை அவள் வெறுத்ததுகூட இல்லை. அவர்கள் தொட்டால் கழுவ வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், கழுவினாள். வெறுப்பாவது என்றாவது ஒருநாள் அலுத்துப்போகும். இந்தப் பழக்கம் அலுப்பதே இல்லை.

பித்தளைக் குடத்தில் மஞ்சள் கரைத்து எடுத்து வந்தாள்.

“அத்தை, வேணாம். மேல தண்ணி ஊத்தக் கூடாதுன்னு இப்பத்தான் சொல்லிட்டுப் போச்சு அந்தப் புள்ள.”

“அவஞ் சொல்றத நான் கேக்கணுமா? நாளைக்கு சாமிகிட்ட போற வூடு இது.”

“ஈரத் துணியால நல்லா தொடைச்சுடுறேன் அத்தை. ரெண்டு தபா தொடைக்கிறேன்.”

“இது தொடைக்கிற அழுக்காடி?” என்றாள் ஆதிலட்சுமி.

இளவரசியால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். மஞ்சள் தண்ணீர் மெஷின் தலையில் விழுந்து, பட்டன்களின் இடுக்கில் இறங்கி, முன்பக்கமாக வழிந்தது.

காதுகுத்து நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டதும் உள்ளே டப்பென்று ஒரு சத்தம். கருகிய வாடை. ராமு உடனே போன் செய்தார். கம்பெனிக்கு அல்ல, மெஷின் விற்ற ஷோரூம் முதலாளிக்கு. “ஒங்க கம்பெனி அனுப்புன பையன் என்னமோ நோண்டி வச்சுட்டுப் போய்ட்டான்” என்றார்.

கலைவேந்தன் வேலை பார்க்கும் வில்லியனூர் சர்வீஸ் சென்டருக்குப் புகார் வந்தது. இரண்டு வருஷமாக அவன் கான்ட்ராக்டில் இருந்தான். அடுத்த மாதம் நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. ஒரே ஒரு புகார் வந்தாலும் பெயர் போய்விடும். மகன் நீலச் சட்டை போட்ட அன்றைக்கே சாமிக்கண்ணு வெட்டுக் கத்தியைப் பரணில் போட்டுவிட்டார். வலிக்கிற முட்டியைத் தேய்த்துக்கொண்டே, “இனிமே எவன் கொல்லையிலயும் நான் குனிய மாட்டேன்” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தச் சட்டைதான் இப்போது போகப் பார்த்தது.

சூப்பர்வைசர் அய்யனார் அவனையும் கூட்டிக்கொண்டு ராமு வீட்டுக்கு வந்தார். மெஷினைப் பின்கட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். கலைவேந்தனை வீட்டுக்குள் விடாமல் சந்து வழியாகப் பின்பக்கம் வரச் சொன்னார்கள்.

அய்யனாரே மேல்மூடியைக் கழற்றினார். கையகலப் போர்டு. ஒரு மூலை கருகியிருந்தது. மற்ற இடமெல்லாம் மஞ்சள். நகத்தால் சுரண்டிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார். இருபது வருஷமாக மெஷின் பார்க்கிற மனிதர். எலி மூத்திரத்தில் போன போர்டு பார்த்திருக்கிறார், எறும்பு கூடு கட்டிய போர்டு பார்த்திருக்கிறார். இதையும் இதற்கு முன் ஒருமுறை பார்த்திருக்கிறார்.

“மெஷின் மேல யாராச்சும் தண்ணி ஊத்துனீங்களாம்மா?” என்று இளவரசியைக் கேட்டார்.

அவளுக்குப் பின்னால் ஆதிலட்சுமி நின்றாள். பக்கத்தில் ராமு. இளவரசி கலைவேந்தனைப் பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இல்லிங்க” என்றாள்.

அவன்மேல் அவளுக்கு இரக்கம் இருந்தது. மாமனார் போனில் புகார் சொன்ன அன்றைக்குத் தூங்கக்கூட இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவளும் எதையும் சொல்லிப் பிழைத்துவிட முடியாதவள். பயந்த இரக்கத்தால் யாருக்கு என்ன லாபம்?

அய்யனார் கலைவேந்தனைக் கிணற்றடிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். “எல்லாம் எனக்குத் தெரியுதுடா. என்ன பண்ணச் சொல்ற? ஷோரூம்காரரு இவருக்கு வேண்டியவரு. வெளக்கக் கடிதம் ஒண்ணு எழுது. மூடிய சரியா மூடாம விட்டுட்டேன், தண்ணி போயிடுச்சு, மன்னிச்சுக்கங்கன்னு. வேலை போவாம நான் பாத்துக்குறேன். பர்மனன்ட் அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“எழுதலன்னா?”

“நாளையிலேருந்து வராத. அவ்ளோதான்.”

கலைவேந்தன் தாளை வாங்கி, கிணற்றுத் திட்டில் வைத்து எழுதினான். நாலைந்து வரிதான். அய்யனார் வாங்கிப் படித்தார். முகம் வெளிறிவிட்டது. அதற்குள் ராமு கூப்பிட்டார்: “இன்னாய்யா எழுதியிருக்கான்? படி, கேப்போம்.”

அய்யனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “‘மூடியைச் சரியாக மூடாமல் விட்டது என் கவனக்குறைவு. பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேண்டும்.’ அப்படின்னு எழுதியிருக்கான்யா.” தாளை அவசரமாக மடித்தார்.

“சார், அதுல அப்படி இல்ல” என்றான் கலைவேந்தன். “குடுங்க, நானே படிக்கிறேன்.”

அய்யனார் கொடுக்கவில்லை. அவனே அவர் கையிலிருந்து உருவிக்கொண்டான். உரக்கப் படித்தான்.

“‘பதினான்காம் தேதி இந்த வீட்டில் மெஷினைச் சரிசெய்து, ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். நான் இன்னார் மகன் என்று தெரிந்ததால், நான் போன பிறகு, நான் தொட்ட மெஷின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். போர்டில் மஞ்சள் கறை இருக்கிறது. அதனால்தான் போர்டு எரிந்தது. என் வேலையில் தவறு எதுவும் இல்லை. யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இப்படிக்கு, சா. கலைவேந்தன்.’”

படித்து முடித்துத் தாளை அய்யனாரிடம் திருப்பிக் கொடுத்தான். இளவரசி ராமுவைப் பார்த்தாள். இப்போது மாமனார் கத்துவார், கையை ஓங்குவார், இல்லை, ஒருவேளை தலையையாவது குனிவார் என்று நினைத்தாள்.

ராமு தலை குனியவில்லை. கோபப்படவும் இல்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஆமா, ஊத்துனோம். எங்க வூடு, எங்க மெஷினு. நல்ல காரியம் நடக்கறப்ப கழுவாம வச்சுக்குவாங்களா? அதுக்கு இன்னா இப்போ?” என்றார். மருமகள் சற்றுமுன் சொன்ன பொய்யை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது தேவையே பட்டிருக்கவில்லை. “பாவம், அய்யனாரு, ஒன்ன கஷ்டப்படுத்த வேணாம். முதலாளிகிட்ட நான் பேசிட்டேன். புது மெஷின் எப்ப வரும், அதச் சொல்லு.”

கலைவேந்தன் அடையாள அட்டையைக் கழற்றி அய்யனாரின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, வந்த சந்து வழியாகவே போய்விட்டான். அய்யனார் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றியதை ஒப்புக்கொண்ட பிறகு வாரண்டி கிடையாது என்று கம்பெனி விதி சொல்வது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“வெள்ளிக்கெழம வந்துடுங்கய்யா” என்றார்.

“வெள்ளிக்கெழம நல்ல நாளுதான்” என்றாள் ஆதிலட்சுமி. நிஜமாகவே நிம்மதியோடு சொன்னாள். “ஆனா ஒண்ணு. மாட்ட வர்ற புள்ள யாரு, எந்தத் தெருன்னு முன்னாடியே போன்ல சொல்லிடுங்க. பாவம், வந்தப்பறம் அந்தப் புள்ளைக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்.”

“சரிங்கம்மா” என்று, பையிலிருந்து நோட்டை எடுத்து அய்யனார் அதையும் குறித்துக்கொண்டார்.