பன்னிரண்டு பறவைகளும் ஒரு கடைச் சாவியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் இருந்தவர்கள்: லிஃப்ட் மெக்கானிக், அவர் மனைவி, மனைவியின் தம்பி, கட்டடத்தின் சொந்தக்காரர், அப்புறம் வெள்ளியில் செய்த பன்னிரண்டு பறவைகள். பறவைகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் பசி.

பறவைகள் என்றால் நாணயங்கள். காசுக்கு ஒரு பறவை, பன்னிரண்டும் ஒரு மரப்பெட்டியில். ஐந்நூறு பெட்டிகளுக்கு மேல் கிடையாது, அச்சை உடைத்துவிட்டோம் என்று விளம்பரம் சொன்னது. மெக்கானிக் நம்பினார். நம்பியதோடு நிற்காமல், மனைவி தையல் கடை வைக்கச் சேர்த்திருந்த பணத்தைத் தூக்கி அதில் போட்டார். "இது செலவு இல்லம்மா, முதலீடு" என்றார். அந்த வாரம் அவள் தைத்துக் கொடுத்த யூனிஃபார்ம் பேன்ட் இடுப்பில் இரண்டு விரல் இறுக்கமாக இருந்தது.

இப்போது கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கடை காலியாகியிருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் அவளுக்கு. இல்லாவிட்டால் செல்போன் ரிப்பேர்காரனுக்கு. கட்டடக்காரர் நேரிலேயே வந்து சோபாவில் உட்கார்ந்து, சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். பணத்துக்காக மெக்கானிக் பறவைகளை இணைய ஏலத்தில் விட்டிருந்தார். இரண்டு மணிக்கு ஏலம் முடியும்.

பணம் எதிலிருந்து வரப்போகிறது என்று பார்க்கட்டும் என மெக்கானிக் பெட்டியைக் கொண்டுவந்து கட்டடக்காரர் முன்னால் திறந்து வைத்திருந்தார். கட்டடக்காரர் குனிந்து பார்த்தார்.

"என்னங்க, இந்தக் கொக்கு ஒத்தக் கால்ல நிக்குது? அச்சடிக்கறப்ப இன்னொண்ணு விட்டுப்போச்சா?"

"கொக்கு அப்படித்தாங்க நிக்கும்."

"அப்ப சரி. கையில வச்சு ஒரு தடவ பாக்கலாமா?"

"கை பட்டா விலை போச்சு."

"கை படாத காச வச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

மெக்கானிக் பெட்டியை மூடினார். ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்தார். அந்தக் கட்டடத்தின் சுவர்கள் கோட்டைச் சுவர்கள். உள்ளே போனுக்கு சிக்னல் கிடையாது, வைஃபை மட்டும்தான்.

ஏலத்தில் யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை. விற்கிறவராக மெக்கானிக்கின் பெயர் ஆந்தை. இன்னொரு பெயரும் வைத்திருந்தார், கொக்கு. கொக்கு எதையும் வாங்காது. வாரா வாரம் யாராவது ஒரு பறவைப் பெட்டியை விற்பார்கள். கொக்கு போய் விலையைக் கிளப்பிவிட்டு, முடியும் நேரத்தில் நைசாக இறங்கிவிடும். அடுத்தவன் பெட்டி விலை ஏறினால் தன் பெட்டியும் ஏறுமல்லவா? அது தப்பு என்று அவருக்குத் தெரியும். ஆறு பேர் ஏறலாம் என்று எழுதிய லிஃப்டில் ஏழாவதாக ஓர் ஆள் ஏறுவது போன்ற தப்பு. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

கொக்கு ஏற்றிய விலைக்கெல்லாம் தலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டவன் ஒருவன் இருந்தான். மரங்கொத்தி என்று பெயர். இதுவரை நாலு பெட்டி வாங்கியிருந்தான். அவனை நினைத்தால் மெக்கானிக்குக் கண் கலங்கும். எங்கேயோ ஒரு பெரிய பங்களாவில், பணத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாத மகராசன்.

இன்றும் மரங்கொத்தி வந்துவிட்டான்.

மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அட்வான்ஸ் அளவுக்கு வந்துருச்சா?"

"வந்துருச்சு. அதுக்கு மேலயே போயிருச்சு."

"அப்ப கையக் கட்டிக்கிட்டு உக்காரு. எதையும் நோண்டாத."

"நான் என்னத்த நோண்டறேன்?"

"உன்ன எனக்குத் தெரியும். என் தம்பி எங்க?"

"பாத்ரூம்ல. வயிறு சரியில்லையாம்."

"அவனுக்கு என் வீட்டுக்கு வந்தாதான் வயிறு கெடும். சாப்பாடு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க."

அவள் போனதும் மெக்கானிக் கொக்காக மாறி ஒரு படி ஏற்றினார். மரங்கொத்தி உடனே கொத்தினான். இன்னொரு படி. அவனும் ஒரு படி. மனைவிக்கு அட்வான்ஸ், அதுபோக ஒரு பழைய மோட்டார் மெஷின், அதுபோகத் தனக்கு ஒரு நல்ல டூல் பாக்ஸ் என்று மெக்கானிக்கின் மனம் மாடி மாடியாக ஏறியது. கடைசியாக ஒரே ஒரு தடவை என்று அமுக்கினார். கொக்கு மேலே போய் நின்றது.

அந்த நேரம் பார்த்து வைஃபை போயிற்று.

மெக்கானிக்குக் குப்பென்று வியர்த்தது. இரண்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். மரங்கொத்தி திரும்பி வராவிட்டால் கொக்குதான் ஜெயிக்கும். அதாவது, தன் பெட்டியைத் தானே வாங்கி, அதற்குக் கமிஷனும் கட்ட வேண்டும். கடை செல்போன்காரனுக்குப் போய்விடும். அதற்கப்புறம் அவருடைய பேன்ட்டை யார் தைப்பது?

ஓடினார். சமையலறை வாசலில், பிடுங்கிய வைஃபை ஒயரைக் கையில் பிடித்தபடி மனைவி நின்றாள். "எத்தன தடவ கூப்பிடறது? இப்ப வருவீங்கல்ல?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பாத்ரூமிலிருந்து ஓர் அலறல்.

"ஐயய்யோ! வைஃபைய யாரு அணைச்சது? அந்தக் கொக்கு நாயி மேல போயிருச்சே!"

மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார்.

மனைவியின் தம்பி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன். முதலாளியிடம் தினமும் திட்டு வாங்குகிறவன். அக்காவிடம் கார் வாங்கப் பணம் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தான். மாமாவின் பெட்டியைப் பார்த்தபோது, "என்ன மாமா, பாட்டில் மூடி சேக்கறீங்களா?" என்று சிரித்தவன். பெரிய பங்களா மகராசன் இவன்தான். அந்தப் பங்களா இப்போது அவருடைய ஒரே பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஒயரைச் சொருகினால் போதும். மரங்கொத்தி கொத்துவான், பணம் வரும், கடை வரும். ஆந்தை யாரென்று அவனுக்குத் தெரியவே தெரியாது. மெக்கானிக்கின் கை ஒயருக்கு நீண்டது. பிறகுதான் பெட்டியில் இருக்கும் அட்டை நினைவுக்கு வந்தது. பெட்டிக்கு ஒரு நம்பர் உண்டு. விற்பது யாரென்று தெரியக் கூடாதென்று ஏலப் படத்தில் அதைக் கட்டைவிரலால் மறைத்திருந்தார். அதே நம்பரை இவனிடமே பத்துத் தடவை சொல்லிப் பீற்றியும் இருந்தார். பெட்டி போய்ச் சேர்ந்த அன்றைக்கே குட்டு உடைந்துவிடும். ஆகவே, முழுக்க நல்ல மனத்தால் என்று சொல்ல முடியாது, ஆனால் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் மனைவி.

சொன்னார். கொக்கைச் சொன்னார், மரங்கொத்தியைச் சொன்னார், நாலு பெட்டியையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, நேராகப் போய் பாத்ரூம் கதவைத் தட்டினாள்.

"மரங்கொத்தி! வெளிய வாடா!"

தாழ்ப்பாள் மெல்ல விலகியது. போனைப் பிடித்தபடி தம்பி வந்தான். "அந்தப் பேரு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"கொக்கு சொல்லுச்சு. இதோ நிக்குது பாரு."

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"நாலு வாரமும் நீங்கதானா மாமா?"

"நீதான்னு தெரிஞ்சிருந்தா ஏத்தியிருப்பேனா மாப்ள?"

"வேற எவனாவதா இருந்தா ஏத்துவீங்களா?"

"நீ என்ன யோக்கியமா? பாட்டில் மூடின்னு நக்கலடிச்சுட்டு நாலு பெட்டி வாங்கி வச்சிருக்க!"

"விலை ஏறுது ஏறுதுன்னுதானே வாங்கினேன்!"

"நீ வாங்கறதாலதாண்டா ஏறுச்சு!"

சோபாவிலிருந்து கட்டடக்காரர் எழுந்து வந்தார். "தெரியாமத்தான் கேக்கறேன். இத வாங்க உலகத்துல உங்க ரெண்டு பேர விட்டா வேற ஆளே இல்லையா?"

முதலில் மனைவிதான் சிரித்தாள். ஒயரைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். தம்பிக்கும் உதடு கோணிற்று. சிரித்து முடிப்பதற்குள் கடிகாரம் இரண்டைத் தாண்டிவிட்டது. மெக்கானிக் தன் பறவைகளைத் தானே வாங்கிவிட்டார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. இன்னைக்குக் கொத்த வச்சிருந்த பணம் பத்திரமா இருக்கா?"

"இருக்குக்கா. ஆனா..."

"என்ன ஆனா? எதுக்கு இதெல்லாம் வாங்கின? காருக்கா?"

தம்பி தரையைப் பார்த்தான். "சொந்தமா ஒரு கண்ணாடிக் கடை வைக்கலாம்னு."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா நாலு பெட்டி மிச்சம். கீழ இருக்கற கடை நீளமான கடை. ஜன்னல் பக்கம் என் மெஷின். வாசல் பக்கம் உன் கண்ணாடி. அட்வான்ஸ் நீ கட்டு, உள்வேலை பூரா கொக்கு செய்யும். லீவு நாள்ல, கூலி இல்லாம."

"முழுசுமா?" என்றார் மெக்கானிக்.

"நாலு பெட்டி ஏத்தினல்ல?"

மெக்கானிக் வயரிங், அலமாரி, பெயின்ட் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டார். பிழைத்தோம் என்று தோன்றியது.

அவள் வைஃபை ஒயரைத் திரும்பச் சொருகினாள், தம்பி போனிலேயே பணத்தை அனுப்பினான். கட்டடக்காரர் தன் போனை இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டார். ஆனால் சாவியை நீட்டவில்லை.

"இனிமே அந்தக் கொக்குக் காசுக்கு விலை ஒண்ணும் இல்லையே, இப்ப தொட்டுப் பாக்கலாமா?"

மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். பிளாஸ்டிக் மூடியைப் பிரித்து, கொக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். கட்டடக்காரர் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்த்தார். கொக்கின் கழுத்தில் ரேகை நன்றாகப் பதிந்தது.

"நல்லா கனமாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சாவியை அவளிடம் கொடுத்தார்.

சாப்பாடு அதற்குள் முழுதாக ஆறியிருந்தது. நாலு பேரும் சேர்ந்து ஆறியதையே வழித்துத் தின்றார்கள். பிறகு கடையைப் பார்க்கக் கீழே இறங்கினார்கள். அவள் முன்னால் போனாள். படியில் பின்தங்கிய தம்பி மாமாவின் காதில் கிசுகிசுத்தான்.

"மாமா, அடுத்த மாசம் மீன் செட்டு வருதாம். இருநூறு பெட்டிதானாம்."

"அச்ச உடைச்சிருவாங்களாமா?"

"உடைச்சிருவாங்களாம்."

அவள் கடை வாசலில் நின்று திரும்பினாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். இருவரும் அசடு வழியச் சிரித்தபடி ஆளுக்கொரு போனை அந்தக் கைகளில் வைத்தார்கள்.

"நாளைக்கு வாங்க. இன்னைக்கு நான் மட்டும் பாத்துக்கறேன்."

காலி அறைக்குள் அவள் செருப்புச் சத்தம் எதிரொலித்தது. கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டாள்.