குறுக்கே வந்த பாட்டு

ரெபேக்காள் எழுந்து நின்றபோது மோகனப்பிரியா அடுத்த பாட்டுக்குத் தயாராகக் கீபோர்டில் கை வைத்திருந்தாள். மேட்டூர் அணைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சிறிய சபை அது. மோகனப்பிரியாவின் கணவர்தான் போதகர்; பாட்டெல்லாம் இவள் பொறுப்பு. சாட்சி சொல்லும் நேரம். மகனுக்கு வேலை கிடைத்தவர், காய்ச்சல் தீர்ந்தவர் என்று ஒவ்வொருவராக நன்றி சொல்லி உட்கார்ந்த பிறகுதான் ரெபேக்காள் எழுந்தாள். அவள் கணவன் அங்கமுத்து, மீன் பிடிக்கப் போன இடத்தில் ஆடிக் காற்றில் பரிசல் கவிழ்ந்து செத்துப்போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அவள் சபையைப் பார்க்கவில்லை. முகத்தை மேலே தூக்கிக்கொண்டாள்.

"ஆண்டவரே, தண்ணிக்குள்ள அவரு உங்களத்தானுங்க கூப்புட்டிருப்பாரு. உங்க காதுல உழுகலீங்களா?"

புதிதாக வந்த குடும்பம் ஒன்று முன்வரிசையில் நெளிந்தது. ஆராதனையை நேரலையில் காட்டும் செல்போன் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. ரெபேக்காள் அடுத்த கேள்விக்கு மூச்சை இழுத்தாள். அதற்குள் மோகனப்பிரியா கைதட்டிப் பாடும் துதிப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். எல்லோரும் நிம்மதியாகத் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில் ரெபேக்காளின் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

நல்ல சமயத்தில் பாட்டெடுத்தீர்கள் என்று வாசலில் பலரும் மெச்சினார்கள். கணவரும் அதையேதான் சொன்னார். தேற்றுவதற்காக அவள் பாடவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். போன வருடம் வயிற்றிலிருந்த குழந்தை ஏழாம் மாதத்தில் அசைவில்லாமல் போனபோது, இதே கேள்வி அவள் தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. உடம்பு தேறியதும் வந்து சிரித்த முகமாகப் பாடினாள். என்ன விசுவாசம் என்றார்கள். ரெபேக்காளின் வாயிலிருந்து அது வந்ததும் தன் வாயும் திறந்துவிடுமோ என்று பயந்துதான் பாட்டை எடுத்தாள்.

அதன் பிறகு ரெபேக்காள் ஆராதனைக்கு வரவில்லை. அணை ரோட்டில் அவள் மீன் விற்கும் இடத்துக்கு மோகனப்பிரியா போனாள். கெண்டை மீனின் செதிலைச் சீவிக்கொண்டிருந்தவளிடம், குறுக்கே பாடியது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றாள்.

ரெபேக்காள் கத்தியை நிறுத்தவில்லை. "நான் உங்ககிட்ட கேக்கலீங்க பாஸ்டரம்மா. அவருகிட்டத்தான் கேட்டுட்டு இருந்தனுங்க." மீனைத் திருப்பிப் போட்டாள். "கேப்பாருன்னு நம்பித்தான கேட்டேன். பாட்டுச் சத்தத்துல அவருக்குக் கேட்டுச்சோ என்னமோ."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் மோகனப்பிரியாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் குழந்தையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதுவும் சாக்குச் சொல்வதாகிவிடும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பார்க்கலாமுங்க என்றாள் ரெபேக்காள்.

வந்தாள். கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தாள். சாட்சி நேரத்தில் நன்றிகள் எல்லாம் முடிந்து, யாரும் எழாமல் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டு வரும் என்று எல்லோரும் மோகனப்பிரியாவைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்திக்கொண்டாள். கணவர் தொண்டையைச் செருமினார். அப்போதும் அவள் நிமிரவில்லை.

கதவோரம் சேலை சரசரத்தது. மோகனப்பிரியா கண்ணை மட்டும் உயர்த்தினாள். ரெபேக்காள் எழுந்து நின்றிருந்தாள். இந்த முறை முகத்தை மேலே தூக்கவில்லை. ரோட்டைக் கடக்கப் போகிறவள் லாரி ஏதும் வருகிறதா என்று பார்ப்பதுபோல, மோகனப்பிரியாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.