இலை போடாத மரங்கள்

கொழும்பில் கட்டடக்கலைப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டவன் நான். இரத்தினபுரியில் ஹலீம் நானாவின் வரைபட அலுவலகத்தில் இரவு வேலை. இன்னும் கட்டாத வீட்டுக்குள் பகல் வெளிச்சம் எவ்வளவு விழும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட வேண்டும். ஒரு கணக்குக்கு ஓர் இரவு முழுக்க மெஷின் ஓடும்.

2006 பெப்ரவரியில் எங்கள் குருவிட்டத் தோட்டத்துக்கே வீட்டுத் திட்டம் வந்தது. வீட்டுக்கு முன்னால் ஒரு ஜன்னல், பக்கச் சுவரில் ஒன்று. முன் ஜன்னலே போதுமென்று கம்ப்யூட்டர் சொன்னால் பக்க ஜன்னலை விட்டுவிட்டு வீடுகளை ஒட்டிக் கட்டலாம் என்றார் திட்ட அதிகாரி. வெளியே நூறு பங்கு வெளிச்சம் இருந்தால் உள்ளே இரண்டு பங்காவது வரவேண்டும்.

முன்னால் பதினான்கு ரப்பர் மரங்கள், இலை உதிர்ந்து மொட்டையாக நின்றன. போட்டோவில் இருந்தபடி குச்சிகளாக வரைந்தேன். இலை போட்டால் மூன்று இரவு இழுக்கும். விடை இரண்டு புள்ளி ஒன்று. பாஸ்.

சுவர் எழும்பும்போதே மரங்கள் துளிர்த்தன. பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஆறு வீடுகள் ஒட்டி நின்றன, புது சீமெந்தில் பழைய லயத்து அறை வரிசை. நடுவீடு எங்களுக்கு. கரண்ட் இன்னும் வரவில்லை. தங்கை விஜயகலா ஜன்னலடியில் தையல் மெஷினைப் போட்டாள். ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகாமலிருக்க அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். காலை பத்து மணிக்கும் ஊசிக்காது தெரியவில்லை.

“அண்ணே, ஒங்க கம்ப்யூட்டர் எந்த ஊரு மரத்தப் பாத்துச்சு?”

“மாசியில எடுத்த போட்டோ.”

“பால் வெட்டுற வீட்டுல பொறந்துட்டு மாசியிலயா போட்டோ எடுத்தீங்க? வெளிய சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க.”

இலை போட்டு மூன்று இரவு ஓட்டினேன். அரைப் பங்குகூட வரவில்லை. ஹலீம் நானாவிடம் காட்டினேன்.

“பாஸான ஃபைல் தம்பி. தெரணியகலையில இன்னும் நாப்பது வீடு ஈக்கிது, அதையேதான் அனுப்பப் போறோம். இத அழிச்சிருங்க.”

“அங்கயும் ரப்பர் மரந்தான் நானா.”

“அப்ப வேல இன்னும் லேசு.”

அழித்தேன். இதை விட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது.

காலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது விஜயகலா மெஷினை வாசற்படிக்கு இழுத்திருந்தாள். பாதி உள்ளே, பாதி வெளியே. மழை தூறியது. துணிமேல் சாக்கைப் போட்டுக்கொண்டு மெஷினை மிதித்தாள்.

“தாண்டி வாங்க. நூல மிதிச்சிராதீங்க.”

தாண்டிப் போய்ப் படுத்தேன். பகலில் தூங்குகிறவனுக்கு அந்த வீடு சரியாகத்தான் இருந்தது.