குளம்பு முயலும் ரொட்டி மாவும்

சமையல்காரர் எவரிஸ்தோவுக்கு நான் தர வேண்டியது நாற்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது பேசோ. எல்லாம் சீட்டாட்டத்தில் போனது. அதை அடைக்க எனக்கிருந்த ஒரே வழி, கடற்பாறையில் நான் கண்டுபிடித்த, கல்லாய்ப்போன மண்டையோடு. அது உடையாமல் முகாமுக்கு வந்தால் மூன்று நாள் கூலி கூடுதலாகத் தருவதாக, புதைபடிவம் தோண்ட எங்களைக் கூட்டிவந்த டாக்டர் இர்மா சொல்லியிருந்தார்.

அந்த மிருகத்தைப் புரோட்டிபோதேரியம் என்பார் அவர். எங்கள் வாயில் நுழையாது, குளம்பு முயல் என்போம். முயலளவுதான், ஆனால் குளம்புக்காரக் கூட்டம். ஒன்றரைக் கோடி வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் மேய்ந்ததாம்.

கடல் உள்வாங்கும்போதுதான் அந்தப் பாறை தலைகாட்டும். நானும் கூட வேலை செய்யும் நிக்கானோரும் எலும்பைச் சுற்றிச் செதுக்கி எடுத்து, ஈரக் காகிதம் ஒட்டி, உடையாமலிருக்கப் பிளாஸ்டர் கரைத்து, சாக்குப் பட்டைகளை அதில் முக்கிச் சுற்றினோம். பிளாஸ்டர் இறுகும்போது கைக்கு வெதுவெதுவென்றிருக்கும். இது சில்லென்றே கிடந்தது. கடல் திரும்பி ஏற ஆரம்பித்தது. கல்லா எலும்பா என்று நாக்கில் வைத்தே பார்க்கிறவர்கள் நாங்கள். நிக்கானோர் விரலை நக்கினான்.

“அண்ணே, உப்பு மட்டும் போட்டா பொரிச்சே தின்னுடலாம்.”

மூட்டை மாறியிருக்கிறது, பிளாஸ்டர் என்று ரொட்டி மாவைக் கரைத்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மேல்சட்டையைக் கழற்றி மண்டையோட்டைப் பச்சைப்பிள்ளை மாதிரி அதில் சுருட்டி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். தாடியெல்லாம் மாவு. பாசி வழுக்கி மல்லாந்து விழுந்தேன், மண்டையோடு என் நெஞ்சின் மேல். நிக்கானோர் விக்கி விக்கிச் சிரித்தபடி என்னைக் காலைப் பிடித்துக் கரைக்கு இழுத்தான்.

முகாமில் டாக்டர் மாவை உரித்தார். ஒரு பல்கூடப் போகவில்லை. அங்கேயே கூலியை எண்ணிக் கொடுத்தார். பக்கத்துத் தட்டில் எவரிஸ்தோ பொரித்த ரொட்டி. கத்தி பட்டால் டங்கென்றது. மூட்டையை யார் இறக்கியது என்று டாக்டர் கேட்டார். எவரிஸ்தோ என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் எந்தப் பழியையும் காற்றின் மேல் போடலாம். காற்று புரட்டிப் போட்டுவிட்டது என்றேன்.

டாக்டர் போனதும் பணத்தை நீட்டினேன். எவரிஸ்தோ வாங்கவில்லை. என் கடனுக்குக் கரிக்கோடு போட்டு வைத்திருந்த அட்டையை எடுத்து அடுப்பில் எறிந்தார்.

“போடா ஒல்லிப்பயலே. எழுத்து தெரிஞ்சவனா இருந்தா மூட்டைய மாத்தியிருப்பனா? நான் எங்கடா கணக்கு எழுதுனேன்?”