எடைமேடையில் பூட்டப்பட்ட லாரி

2003ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஆலையின் நிரலாளர் துளசிராமன் எடைமேடைக்குரிய கணினி நிரலைத் தம் பெயரில் பூட்டிக்கொண்டார்; அந்நேரம் மேடைமீது நின்ற லாரியும் பூட்டிக்கொண்டது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் அந்த இரும்புக்கம்பி ஆலையில், நிரலை ஒருவர் எடுத்தால் அவர் திருப்பிவைக்கும்வரை மற்றவர் தொடக் கூடாது என்பது முறை. துளசிராமன் திருப்பிவைக்கவில்லை. தாம் முடிக்காததைப் பிறர் முடிக்கலாம் என்னும் எண்ணமே அவருக்கு அவமதிப்பாகப் பட்டது. அவர் முடிக்கவும் இல்லை.

ஓட்டுநர் பச்சையப்பன் கதவைத் திறந்து காலைக் கீழே வைப்பார். கால் கேபினுக்குள்ளேயே வந்து நிற்கும். அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே உறங்கினார். அப்போது வயிற்றிலிருந்த அவருடைய மகள் பிறந்தாள், நடந்தாள், பள்ளியிலும் சேர்ந்தாள். தகப்பனை ஜன்னல் வழியாகவே அறிந்தாள். நாஷ்டா கொண்டுவரும்போதெல்லாம் மனைவி அஞ்சம்மாள் துளசிராமனை வழிமறித்தாள்.

"இன்னா சார், என் ஊட்டுக்காரரு இன்னா உன் பீரோவா? பூட்டி சாவிய இடுப்புல சொருவிக்கினு சுத்துற?"

அவர் தம் அனுபவத்தின் நீளத்தைச் சொல்லிவிட்டு நடந்தார்.

2008இல் ஆலை புதிய முறைக்கு மாறிற்று. கற்பிக்க வந்தவள் காயத்ரி. எல்லாம் தெரிந்தவர் கைகட்டி அமர்ந்து கேட்ட ஒரே கேள்வி: "பூட்டு எங்கம்மா?"

"பூட்டே கெடையாது சார். ஆளுக்கு ஒரு நகல். மாத்துனத அப்பால சேத்துக்கலாம். பழசும் அழியாது."

"ரெண்டு பேரு கை வெச்சா பேஜாரு ஆயிடும்."

"இவ்ளோ நாளா ஒரே கைதான சார் வெச்சிருந்துது? லாரி எறங்குச்சா?"

பச்சையப்பனுக்காக அசையாத விரல்கள், நாற்காலி பறிபோகும் என்று மேலாளர் சொன்னதும் அசைந்து நிரலைத் திருப்பிவைத்தன. ஐந்தாண்டில் துளசிராமன் எழுதியிருந்தது ஒரு வரி, அதுவும் பிழை. காயத்ரி தன் நகலில் அதைத் திருத்திச் சேர்த்தாள்.

லாரி உறுமிக்கொண்டு இறங்கிற்று. பச்சையப்பன் அன்றே மகளைத் தூக்கினார். பழையது அழியாது என்பதே புதிய முறையாகையால், இன்னொரு லாரி மேடைமீதே நின்றது. அதனுள் இன்னொரு பச்சையப்பன் அமர்ந்திருந்தார். பிற லாரிகள் அதை ஒட்டி ஏறுகின்றன. அதன் எடையைக் கழித்து ரசீது தருகிறார்கள். துளசிராமன் இன்னமும் பூட்டைத் தேடுகிறார்.

அஞ்சம்மாள் இரண்டு டிபன் கட்டுகிறாள். "அதுவும் எங்க ஊட்டுக்காரருதான, வவுறு காயாதா?" என்கிறாள். தகப்பனின் தோளில் அமர்ந்துவரும் மகள், ஜன்னலில் இருக்கும் தகப்பனிடம் டிபனை நீட்டுகிறாள்.